மூணாவது ஒயருக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகமாகப் புழக்கத்தில் இருக்கும் மின்பாதுகாப்பு சாதனம் எது? ஃப்யூஸா? எம்சிபியா? இரண்டும் இல்லை. ரப்பர் செருப்பு!

"ஃபிரிட்ஜைத் திறக்கறப்ப செருப்பு போட்டுக்கோடா." "ஈரக்கையோட கிரைண்டரைத் தொடாதேம்மா, விர்ருங்கும்." "அந்த வாஷிங் மெஷின் லேசா ஷாக் அடிக்கும், மத்தபடி நல்ல மெஷின்." இந்த வசனங்களைக் கேட்காத வீடு குறைவு. ஷாக் அடிப்பது மெஷினுடைய சுபாவம் மாதிரியும், அதை அனுசரித்துப் போவது குடும்பத்தின் கடமை மாதிரியும் எல்லோரும் பழகிவிட்டார்கள். மாமனார் கோபக்காரர், வாஷிங் மெஷின் ஷாக் அடிக்கும், அவ்வளவுதான் :-)

ஆனால் 'லேசா அடிக்கும்' என்று சொல்லப்படும் அதே மெஷின் ஒரு நாள் லேசாக அடிக்காமல் போய்விடுகிறது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கு சொல்கிறது. இதில் கம்பி அறுந்து விழுந்து இறந்தவர்கள், வயலில் மோட்டார் போடப் போய் இறந்தவர்கள் எல்லோரும் உண்டு. வீட்டுக்குள்ளேயே, துணி காயப்போட்ட கொடிக்கம்பியிலும் ஹீட்டர் போட்ட பக்கெட்டிலும் போனவர்களும் உண்டு. பேப்பரில் நாலு வரி வரும். 'எதிர்பாராத விதமாக மின்சாரம் தாக்கியது' என்று போடுவார்கள். எதிர்பாராத விதமாக என்ன வேண்டிக் கிடக்கிறது? எர்த் இல்லாத வீட்டில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்.

சரி, அந்த எர்த்துக்கு யார் பொறுப்பு? இங்கேதான் வேடிக்கை.

வீட்டுக்காரரைக் கேட்டால், "எலக்ட்ரீஷியன்தான் போட்டாரு, எல்லாம் பக்காவா இருக்கும்" என்பார். எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "குழி வெட்டி, பைப் இறக்கி, உப்பு கரி எல்லாம் போட்டுத்தான் கொடுத்தேன் சார், அதுக்கப்புறம் நீங்க தண்ணி ஊத்தலைன்னா நான் என்ன பண்றது?" என்பார். ஈபி ஆபீஸில் கேட்டால், "மீட்டர் வரைக்கும்தான் சார் எங்க பொறுப்பு, உள்ளே நடக்கறது எல்லாம் உங்க பாடு" என்பார்கள். வாடகை வீடாக இருந்தால் இன்னும் விசேஷம். ஓனர், "முன்னாடி குடியிருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே" என்று முடித்துக் கொள்வார். முன்னால் குடியிருந்தவர்களும் செருப்பு போட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

இப்படிப் பேசுபவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போகிறார்கள்: எர்த் என்பது வீட்டுக்காரர் தன் செலவில் தன் காம்பவுண்டுக்குள் செய்துகொள்ள வேண்டிய சமாசாரம், மின்வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊர் முழுக்க நம்பும் இந்த விஷயம் சட்டப்படி தவறு.

இந்திய மின்சார விதிகள் 1956 என்று ஒன்று இருந்தது. அதில் 33ஆவது விதியைச் சுருக்கமாகத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மின்சாரம் வழங்குபவர், நுகர்வோரின் இடத்தில், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலோ அதன் பக்கத்திலோ, கைக்கு எட்டுகிற மாதிரி, நுகர்வோரின் உபயோகத்துக்காக ஒரு எர்த் டெர்மினல் அமைத்துத் தரவேண்டும். அமைத்தால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும்.

வழங்குபவர்! வாங்குபவர் இல்லை. 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதில் 16ஆவது பிரிவாக இதே விஷயம், கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் வந்து உட்கார்ந்தது. 2023இல் அந்தத் தொகுப்பை எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள். அதிலும் இந்தக் கடமை போகவில்லை. ஆக அறுபது வருஷத்துக்கும் மேலாகக் காகிதத்தில் இருக்கிறது. இதற்குள் நம்மூர் மின்வாரியமே 2010இல் டான்ஜெட்கோ ஆகி, 2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமும் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகம் எர்த் டெர்மினலுக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. (பெயர் எத்தனை மாறினாலும் ஜனங்களுக்கு அது ஈபிதான்.)

அந்தப் பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் கவனிக்காதது. 250 வோல்ட்டுக்கு மேலான இணைப்பு என்றால், வழங்குபவர் தருகிற எர்த் போக, நுகர்வோர் தன் பங்குக்குத் தனியாக ஒரு எர்த்தும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. த்ரீ ஃபேஸ் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். அப்படியென்றால் சாதாரண சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் வீடு? அந்த வீட்டுக்கு இந்தப் பிரிவு சொல்வது ஒரே ஒரு எர்த்தைத்தான், அதைத் தர வேண்டியவரும் வழங்குபவர்தான். நிஜத்தில் நடப்பதோ தலைகீழ். குழி வெட்டுகிற வேலை முழுக்க வீட்டுக்காரர் தலையில். வழங்குபவர் தரவேண்டியது மட்டும் காணோம்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. மாநில அரசு குறிப்பிடும் தேதிக்கு முன்பே இணைப்பு வாங்கிய இடங்களில், நுகர்வோரின் சொந்த எர்த் நன்றாக வேலை செய்கிறது என்று வழங்குபவருக்குத் திருப்தி ஏற்பட்டால், டெர்மினல் தராமல் விடலாம். கவனிக்கவும், திருப்தி ஏற்பட்டால். எர்த் மெகர் என்ற கருவியை எடுத்துவந்து பழைய வீட்டு எர்த்தை அளந்து பார்த்துத் திருப்திப்பட்ட மின்வாரிய ஊழியரை எந்தத் தெருவிலாவது யாராவது பார்த்ததுண்டா? மீட்டர் கணக்கெடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார். எர்த்தைப் பார்க்க வருகிறவர் யார்?

வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். போஸ்ட் மரத்திலிருந்து ஒரு ஜிஐ கம்பி தாங்கிக்கொள்ள, இரண்டு ஒயர் வருகிறது. ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல். ஆனால் வீட்டு ஸ்விட்ச் போர்டில் மூன்று ஓட்டை! மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்கு ஒயர் எங்கிருந்து வரும்? ஆகாயத்திலிருந்தா? தோட்டத்தில் புதைத்த பைப்பிலிருந்து வரும், அதாவது புதைத்திருந்தால், அதை ஒயரில் முடிந்திருந்தால், அந்த ஒயர் எல்லா போர்டுக்கும் போயிருந்தால். செலவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இந்த ஒயரில்தான். ஃபேஸ் இழுக்காவிட்டால் லைட் எரியாது, அன்றைக்கே தெரிந்துவிடும். எர்த் இழுக்காவிட்டால் எதுவுமே தெரியாது. ஃபேன் ஓடும், டிவி பாடும், கிரகப்பிரவேசம் சிறப்பாக நடக்கும். இருக்கிறதா இல்லையா என்பதே ஆபத்து வரும் நாளில்தான் தெரியும் என்கிற மாதிரி சாமான் வீட்டில் இது ஒன்றுதான்.

சரி, பைப் புதைத்து ஒழுங்காகவே எர்த் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தர ஆவணத்தில் சொன்னபடி இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல், எல்லாம் இருக்கிறது. இப்போது வீடு பத்திரமா?

இல்லை என்பதுதான் பதில். டிப்ளமோ படித்தவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவார்கள்.

எர்த் என்றால் மின்சாரத்தைப் பூமி குடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பூமாதேவி அப்படியெல்லாம் குடிப்பதில்லை. மின்சாரம் எங்கே கிளம்பியதோ அங்கே திரும்பிப் போக வேண்டும். கிளம்பிய இடம் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர். அங்கே நியூட்ரலை மண்ணோடு இணைத்து எர்த் செய்திருக்கிறார்கள். வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் ஃபேஸ் ஒயர் உரசிப் பாடியில் பட்டால், மின்சாரம் எர்த் ஒயர் வழியாக வீட்டுப் பைப்புக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கி, தெருமுனையில் ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த் வழியாக மேலே ஏறி, நியூட்ரலைச் சேர வேண்டும். மண் ஒன்றும் செம்புக் கம்பி இல்லை. வழியில் தடை இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டு எர்த்தின் தடை 20 ஓம், ட்ரான்ஸ்ஃபார்மர் எர்த் 3 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 23 ஓம். 230 வோல்ட்டை 23ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. 10 ஆம்பியருக்கு அது ஏன் விழப் போகிறது? அதைப் பொறுத்தவரை யாரோ ஹீட்டர் போட்டிருக்கிறார்கள். ஃப்யூஸாக இருந்தாலும் அப்படித்தான், அதுவும் ஃப்யூஸ் கேரியரில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கிடையில் ஃபிரிட்ஜ் பாடியில் நிற்கும் வோல்ட்டேஜ் எவ்வளவு? 10 பெருக்கல் 20, ஆக 200 வோல்ட். எர்த் போட்ட ஃபிரிட்ஜ், 200 வோல்ட்டில், எம்சிபி விழாமல், கதவைத் திறக்கப் போகிறவருக்காகக் காத்துக் கொண்டிருக்கிறது.

மண்ணை நன்றாகப் பதப்படுத்தி 5 ஓமுக்குக் கொண்டு வந்தாலும் தப்பவில்லை. அப்போது 28 ஆம்பியர் சொச்சம் ஓடும். வீடுகளில் போடும் சாதாரண 16 ஆம்பியர் எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால் அதைப்போல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கரண்ட் ஓட வேண்டும். 28க்கு அது மெல்லச் சூடாகி, சாவகாசமாக விழும். அதுவரை பாடியில் 140 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இதயம் நிற்க ஒரு விநாடி போதும்.

இதில் ஒரு கிளைக்கதை. அந்த 10 ஆம்பியர் கசிவு மீட்டர் வழியாகத்தான் போகிறது. ஒரு நாளைக்கு 55 யூனிட். ஷாக் அடித்தபோது கவலைப்படாத வீட்டுக்காரர் பில் வந்ததும் பதறி எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போடுவார். பல வீடுகளில் உயிரைக் காப்பாற்றுவது எர்த் இல்லை, கரண்ட் பில்!

இன்னொன்று, மண் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசியில் அளந்தால் வருகிற தடையும் சித்திரை வெயிலில் வருகிற தடையும் வேறு வேறு. அந்தக் காலத்து வீடுகளில் கிணற்றடியிலிருந்து போகும் ஜிஐ தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைச் சுற்றிவிடுவார்கள். முறையில்லைதான், ஆனால் ஏதோ ஓடியது. பிறகு பிளம்பர் வந்து குழாயைப் பிவிசியாக மாற்றிவிட்டுப் போனார். அவருக்கு அது தண்ணீர்க் குழாய் மட்டும்தான். எர்த் போனது யாருக்கும் தெரியாது.

இப்போது வழங்குபவரே ஒரு டெர்மினல் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கலாம். அந்த டெர்மினலிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வரை உலோகக் கம்பியிலேயே பாதை இருந்தால் மொத்தத் தடை 1 ஓம் அளவில் அடங்கிவிடும். 230 ஆம்பியர் ஓடும். எம்சிபி 'டப்'. முடிந்தது கதை. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு விதிகள்படி, பாதுகாப்புக் காரணங்களால் பொருந்தாது என்றால் ஒழிய, மின் விநியோகம் செய்பவர் தன் நியூட்ரலை நுகர்வோரின் எர்த் இணைப்புக்குத் தர வேண்டும். வாங்குபவருக்குக் குழி வெட்டுகிற வேலை பெரும்பாலும் கிடையாது.

"அப்படியானால் இங்கேயும் நியூட்ரலையும் எர்த்தையும் மெயின் போர்டில் ஒன்றாக முறுக்கிவிட்டால் போச்சு!" என்று கிளம்பும் அறிவாளிகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம்மூர் நியூட்ரல் என்ன நிலைமையில் இருக்கிறது என்பது மழைக்காலத்தில் 'நியூட்ரல் கட் ஆயிடுச்சு' என்று லைட் எல்லாம் பளீரென்று எரிந்து டிவி புகைந்து போன தெருக்காரர்களுக்குத் தெரியும். வெளியே நியூட்ரல் அறுந்த நேரத்தில், உள்ளே அதை எர்த்தோடு சேர்த்துக் கட்டியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பல்பு வழியாக, ஃபேன் வழியாக 230 வோல்ட் வந்து வீட்டில் உள்ள அத்தனை உலோகப் பாடியிலும் ஏறி நிற்கும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், கீசர், எல்லாம் ஒரே நேரத்தில். எந்தக் கோளாறும் இல்லாத சாமான்கூட ஷாக் அடிக்கும்.

இதுதான் மின்வாரியத் தரப்பில் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான வாதம். எங்கள் லைனில் நியூட்ரல் அறுந்து போகிற வாய்ப்பு இருக்கிறது, அதனால் எங்கள் டெர்மினலை நம்பி உங்கள் வீட்டுச் சாமான்களைக் கட்டுவது ஆபத்து, அவரவர் வீட்டில் தனி எர்த் இருப்பதே நல்லது. சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இதை வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னால் அடுத்த வரியையும் சொல்லியாக வேண்டும்: தனி எர்த் மட்டும் இருக்கும் வீட்டில் எம்சிபி விழாது, ஆகவே ஆர்சிசிபி இல்லாமல் இணைப்பு கொடுக்க மாட்டோம். அந்த அடுத்த வரிதான் வரவே மாட்டேன் என்கிறது.

ஆர்சிசிபி என்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பவில்லை என்றால் எங்கோ கசிகிறது, யார் உடம்பு வழியாகவோ இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டினால் அதிகபட்சம் 0.3 விநாடிக்குள் துண்டிக்கும், கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக. மேலே சொன்ன 20 ஓம் எர்த்தில் ஓடிய 10 ஆம்பியர் அதற்கு யானை மாதிரி. எர்த் 100 ஓமாகவே இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடும், அதுவும் தாராளம். பிரான்ஸில் வீட்டுக்கு வீடு தனி எர்த்தான், ஆனால் கூடவே இந்தக் கருவியும் இருக்கிறது. இலங்கையில் 'ட்ரிப் சுவிட்ச்' என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை?

விதியே ஓட்டை வைத்திருந்தது என்பது ஒரு காரணம். 1956 விதிகளில் பிற்பாடு 61ஏ என்று ஒன்றைச் சேர்த்து, கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்றார்கள். கூடவே 5 கிலோவாட்டுக்குக் குறைவான சாதாரண வோல்ட்டேஜ் இணைப்புகளுக்கு விலக்கு! 5 கிலோவாட்டுக்குக் குறைவு என்றால் யார்? ஊரில் உள்ள சாமானியர்கள் வீடு முக்கால்வாசி. ஏசி வைத்த பங்களாவுக்குப் பாதுகாப்பு கட்டாயம், ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி, ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டுக்குத் தேவையில்லை. ஷாக் என்ன லோடு பார்த்தா அடிக்கிறது? 2010 தொகுப்பும் அதே 5ஐ அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு வந்த திருத்தங்களில்தான் வரம்பு இறங்கி, வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் என்ற அளவும் எழுத்தில் ஏறியது. அதற்குள் எத்தனை லட்சம் வீடுகள் கருவியே இல்லாமல் இணைப்பு வாங்கிவிட்டன! மின்வாரியமும் ஆர்சிசிபி பொருத்துங்கள் என்று அவ்வப்போது அறிவுரை விடுகிறது, குறிப்பாக மழைக்காலத்தில். அறிவுரை சொல்ல ஊரில் பெரியப்பாக்கள் இருக்கிறார்கள். வாரியத்திடம் இருக்கிற அதிகாரம் அறிவுரை இல்லை, இணைப்பு கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும்.

இணைப்பு கொடுக்கும் முன் பரிசோதனை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒயரிங் முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இன்சுலேஷன் எவ்வளவு, எர்த் எவ்வளவு என்றெல்லாம் அளவு எழுத வேண்டும். வேலை செய்தவர் ஒருவர், லைசென்ஸ் வைத்திருப்பவர் இன்னொருவர், கையெழுத்துக்கு ஒரு ரேட் என்பது கட்டட வேலையில் புழங்குகிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அளக்காத எர்த்துக்கு அழகான ஒரு எண் எழுதப்பட்டு ஃபைலுக்குள் போய்விடும். 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம் என்றால் அரசு மின் ஆய்வாளர் வந்தாக வேண்டும். தனி வீட்டுக்கும் மூன்று மாடி ஃபிளாட்டுக்கும் அதுவும் இல்லை.

கொடுத்த பிறகு? 1956 விதிகளில் 46ஆவது விதி, இணைப்பு பெற்ற எந்த இடத்தையும் ஐந்து வருஷத்துக்கு மிகாத இடைவெளியில், ஆய்வாளரோ, மாநில அரசு சொன்னால் வழங்குபவரோ, பரிசோதிக்க வேண்டும் என்றது. ஐந்து வருஷம்! ஐம்பது வருஷமாக ஒரே மெயின் போர்டு இருக்கிற வீடுகள் மயிலாப்பூரிலும் மதுரையிலும் எத்தனை இருக்கின்றன? அந்தப் போர்டைத் திறந்து பார்த்தவை பல்லியும் எறும்பும் மட்டும்தான்.

விபத்து நடந்துவிட்டால் மட்டும் எல்லோரும் வருவார்கள். மின்சாரச் சட்டத்தின் 161ஆவது பிரிவுப்படி தகவல் போகும், விசாரணை நடக்கும். வெளியே தெருவில் கம்பி அறுந்து விழுந்து ஒருவர் இறந்தால் சட்டம் கறாராக இருக்கிறது. மத்தியப் பிரதேச மின்வாரியம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2002இல் உச்சநீதிமன்றம், ஆபத்தான பொருளைக் கையாளுகிற நிறுவனம் தன் அஜாக்கிரதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எவனோ திருட்டுக் கொக்கி போட்டான் என்ற சாக்கு எடுபடவில்லை. ஆனால் இதெல்லாம் வாசற்படி வரைக்கும். வாசற்படி தாண்டி உள்ளே ஒருவர் இறந்தால், 'நுகர்வோரின் உள்ஒயரிங்கில் கோளாறு, எர்த் சரியில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிட வசதியாக இருக்கிறது. எர்த் சரியில்லை, வாஸ்தவம். எர்த் டெர்மினல் தந்து பராமரிக்க வேண்டிய கடமை யாருடையது என்ற கேள்வி அந்த வரியில் வருவதே இல்லை.

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் மேல்தான் அதிகம் எரிச்சல் வருகிறது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஆக்ஸா பிளேடால் அறுத்து எறிகிற ஜனங்கள் இருக்கிறார்கள், உண்மை. டூ பின் அடாப்டரில் அயர்ன் பாக்ஸ் சொருகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹாஸ்டல் ரூமில் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கும், அதைப் புது ஜூனியரைத் தொடச் சொல்லிச் சிரிப்பார்கள். (அந்தச் சுருசுரு என்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் வேலை. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்ட்டேஜில், கிட்டத்தட்ட 115இல், தொங்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆள் பிழைக்கிறார். ஆனால் 'இந்த ஹாஸ்டலில் எர்த் இல்லை' என்று கேபினெட் தினமும் கத்துகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.) ஆனால் பின்னை அறுத்தவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அறுக்காமல் சொருகியிருந்தாலும் அந்த ஓட்டைக்குள் ஒயர் இல்லை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஒயர் இருந்தாலும் அது எம்சிபியை விழவைக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவர் வேலை இல்லை, மின்சாரம் விற்கிறவர் வேலை.

பணம் இல்லை என்பது அடுத்த சாக்கு. வாரியம் கடனில் தத்தளிக்கிறது, இதில் கோடிக்கணக்கான வீட்டுக்கு டெர்மினலும் கருவியும் எங்கிருந்து வரும்? அந்தக் கவலையே வேண்டாம். டெர்மினல் அமைக்கும் செலவை நுகர்வோரிடமே வசூலித்துக் கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. புது இணைப்புக்கு டெபாசிட், டெவலப்மெண்ட் சார்ஜ், மீட்டர் சார்ஜ் என்று வாங்குகிறபோது அதோடு ஒரு வரி. வீடு கட்ட இருபது லட்சம் போடுகிறவர் ஆர்சிசிபிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்க மாட்டாரா? வாசல் கதவுக்கு அதைவிட விலையான கைப்பிடி வாங்குகிறார். கருவி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, வீட்டு எர்த் அளவு என்ன என்று மீட்டர் மாட்ட வருகிறவர் பார்த்து எழுதிவிட்டுப் போக ஒரு கால் மணி நேரம் ஆகும். பழைய வீடுகளுக்குப் பெயர் மாற்றம், லோடு கூட்டுதல், மீட்டர் மாற்றுதல் என்று எதற்காவது ஒரு நாள் ஆள் வரத்தான் போகிறார். அன்றைக்குப் பார்க்கலாம். வாடகை வீடு என்றால் ஓனர் பெயரில்தான் இணைப்பு இருக்கும், நோட்டீஸும் அவருக்கே போகும். குடியிருப்பவர் ஓனரிடம் கெஞ்சிக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடலாம். ஏரியா மின்வாரிய ஆபீஸுக்கு அனுப்பிக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கடந்த ஒரு வருஷத்தில் கொடுத்த புது வீட்டு இணைப்புகளில் எத்தனை இடங்களில் வாரியம் எர்த் டெர்மினல் அமைத்துக் கொடுத்தது? தராத இடங்களில் நுகர்வோரின் எர்த் திருப்தியாக இருக்கிறது என்று யார், எந்தத் தேதியில், எத்தனை ஓம் என்று அளந்து எழுதினார்? ஒவ்வொரு ஊரிலும் ஒரு கல்லூரி மாணவர் போட்டால்கூடப் போதும்.

பி.கு: ஆர்சிசிபி இருக்கிற வீட்டுக்காரர்கள் 'டி' என்று போட்ட பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் அந்தப் பட்டன் கருவி விழுகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு எர்த் மெகரோடு ஆள் வர வேண்டும்.